மூச்சு இளைப்பைச் சொல்ல மாட்டார்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

அடுத்த மாதம் நான் இந்த வேலையை விட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன். அதற்கு முன் என் அனுபவங்களை உங்களுக்கு எழுதி வைக்கும்படி மேடம் சொன்னார். மதுரையில் நம் மஜ்ஜை மாற்று சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவரைத்தான் மேடம் என்கிறேன், உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெறுகிறவர்கள் எழுதுவதை நான் ஏன் எழுத வேண்டும், எனக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லையே என்றேன். "ஓய்வு பெறுற வயசுல நீ எல்லாத்தையும் அழகாக்கி எழுதுவ. இப்பவே எழுது" என்றார்.

கருவிகளைக் கையாளும் முறை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. சுவரில் ஒட்ட முடியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நாம் செய்வதை வெளியாட்களுக்கு விளக்குவது சிரமம். ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் போகிறவர்களை நடக்க வைத்துப் பார்க்கிறேன் என்று முதுகுளத்தூரில் என் அய்யாவிடம் சொன்னபோது, "நடக்க வைக்கவா தாயி இம்புட்டுப் படிச்ச?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் எழுதுகிறேன். வீரியமான மருந்தைக் கொடுத்து நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு கூடப் பிறந்தவருடைய செல்களை ரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுகிறார்கள். அவை வேர்பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை உடம்புக்குக் காவல் கிடையாது, கண்ணாடி அறையில் தனியாக வைத்திருப்பார்கள். நுரையீரல், கல்லீரல், குடல் எதில் வேண்டுமானாலும் சிக்கல் வரலாம். ரத்தப் பரிசோதனைத் தாள் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போவார், ஒருவர் தீவிர சிகிச்சைக்குப் போவார். யாருடைய உடம்பில் கையிருப்பு அதிகம் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்வதுதான் நம் வேலை. நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, கைப்பிடியின் இறுக்கம். மூன்றே மூன்று. அய்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாடு வாங்கும்போது நாங்க பாக்குறதுதான்" என்றார். நான் மறுக்கவில்லை.

ஆனால் மாட்டுக்குத் தன்னை எதற்காகப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் இருக்காது. மனிதனுக்கு இருக்கும். சாயல்குடிப் பக்கத்திலிருந்து உப்பளத் தொழிலாளி ஒருவர் வந்தார். கை காய்த்துப் பலகைபோல் இருந்தது. கைப்பிடிக் கருவியைக் கொடுத்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னேன். முள் எழும்பவே இல்லை. மூன்று முறை பார்த்தும் அதே கதை. "அழுத்துங்கண்ணே" என்றால், "அழுத்துறேந்தாயி" என்பார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "வெளிநாட்டுச் சாமான் மாதிரி தெரியுது. ஒடிஞ்சுபோனா உங்களத்தான வைவாக?" நான் ஒடிந்தாலும் பரவாயில்லை என்றேன். முள் அதன் எல்லைக்கே போய்விட்டது. எனவே ஒவ்வொருவரும் இந்தப் பரிசோதனையை என்னவென்று நினைத்துக்கொண்டு வருகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், காதர் பாய் வரும்வரை.

மாதம் இரண்டு வியாழக்கிழமைகளில் நாம் ராமநாதபுரத்தில் முகாம் நடத்துகிறோம். மருத்துவமனை எடுத்திருக்கும் இடம் சின்னது, நடை பார்க்க நேரான நீளமான தரை வேண்டும். அதனால் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அரை நாள் வாடகைக்கு வாங்குகிறோம். மேசைகளை ஓரமாக மடித்து வைத்துவிட்டால் நல்ல நீளம். இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைப்போம். சாம்பார் வாசனை மட்டும் போகாது.

காதர் பாய் கீழக்கரைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். சங்கு குளிப்பவர். வள்ளத்தில் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் சங்கு எடுத்து வரும் தொழில். நாற்பத்தைந்து வயதிருக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்து அடக்கியிருந்தோம். மருந்து நடந்துகொண்டிருந்தபோது நெஞ்சில் சளி கட்டி ஒருமுறை படுத்து எழுந்திருந்தார். நோய் திரும்ப வருவதற்குள் செல் மாற்ற வேண்டும். தம்பி நூருதீனின் செல்கள் பொருந்தியிருந்தன. அவர் சவூதியில் வேலை பார்ப்பவர், லீவு போட்டு வந்திருந்தார். அன்று மாலை மதுரையில் படுக்கை ஒதுக்கும் கூட்டம். அதற்குள் என் முடிவு போய்ச் சேர வேண்டும்.

மூன்று பேரும் வந்தார்கள். காதர் பாய், அவர் மனைவி ஜமீலா, நூருதீன். காதர் பாய் வரும்போதே கேட்டார்.

"நீதான் நடை டாக்டரா?"

"டாக்டர் இல்ல பாய். பிசியோதெரபிஸ்ட்."

"எதுவோ ஒண்ணு. கரையில நடக்க வச்சு என்னத்தக் கண்டுபிடிக்கப்போற? மன்னார் கடல்ல எறக்கிவிட்டுப் பாரு."

"காக்கா, சும்மா இரிங்க" என்றார் தம்பி. அவர்கள் ஊரில் அண்ணன்தான் காக்கா.

"என்னல சும்மா? அந்தப் பிள்ள சிரிக்குதுல்ல."

உண்மைதான், சிரித்தேன். கலகலப்பாகப் பேசுகிறவர்களிடம் நமக்குக் கவனம் கொஞ்சம் தளரும். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து எழுவது நன்றாக இருந்தது. கைப்பிடி அபாரம். நடைக்குக் கூடத்துக்குப் போனோம். விதிகளைச் சொன்னேன்: ஆறு நிமிடம் முடிந்த அளவு வேகமாக நடக்க வேண்டும், ஓடக்கூடாது, முடியாவிட்டால் நிற்கலாம், நின்றால் நான் குறித்துக்கொள்வேன், கடிகாரம் நிற்காது. தலையாட்டினார். ஆரம்பித்தார். அப்படி ஒரு நடை. கூம்பைத் தொட்டுத் திரும்பும்போது கைலி தளர்ந்துவிட்டது. நின்று, அவிழ்த்து, உதறி, இழுத்துக் கட்டினார். மறுபடி அதே வேகம். அடுத்த இரண்டாவது திருப்பத்தில் மறுபடி கைலி.

ஓர் ஆண் கைலியை அவிழ்த்துக் கட்டும்போது நம் ஊரில் ஒரு பெண் என்ன செய்வாள்? முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் சன்னலைப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது, கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

முடிவில் அவர் நடந்த தூரம் அவர் வயதுக்கு நல்ல தூரம். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் சரியாக இருப்பதாகக் காட்டியது. "மூச்சு எவ்வளவு இளைக்குது? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து" என்றேன்.

"பூஜ்யம்."

"கொஞ்சம்கூட இல்லையா?"

"கடலடியில கெடந்து எந்திரிக்கிறவன்கிட்டக் கேக்குற கேள்வியா இது?"

நல்ல நிலை என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. மதியம் எல்லாருடைய முடிவையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். அண்ணனும் தம்பியும் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஜமீலா உள்ளே வந்தார். நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"இவுகள இன்னொரு வாட்டி நடக்கச் சொல்வியளாம்மா?"

"எதுக்கு? நல்லாத்தானே நடந்தாரு."

"நல்லாத்தான் நடந்தாக." கைப்பையைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கைலிமேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட், பையும் பொத்தானும் வைத்தது. "கண்ணாலமான நாள்லேருந்து இத இவுக இடுப்புலதான் பாக்குறேன். தூங்கும்போதுதான் கழட்டுவாக. பஸ்லயும் கட்டிருந்தாக. இங்கன எறங்குனதும் கழட்டி எம் பையில போட்டுட்டாக."

நான் டப்பாவை மூடினேன்.

"ஏன் கழட்டினாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டா சொல்ற மனுசனா இருந்தா நான் ஏன் ஒங்ககிட்ட வாரேன்?" வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டு மாடிப்படியிலயும் இப்பல்லாம் பாதியில நின்னு கைலி கட்டுறாக. மாடியில யாரு இருக்கா, எங்க ரெண்டு பேரத் தவிர?"

அவ்வளவுதான். வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் காலை நடையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். கூம்பு, கைலி, சன்னல். நின்றால் குறித்துக்கொள்வேன் என்று சொன்னவள் ஒரு நிறுத்தத்தைக்கூடக் குறிக்கவில்லை. நான் சன்னலைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவர் இளைப்பாறியிருக்கிறார். நடந்தது முழு நடையல்ல, இடையிடையே ஓய்வெடுத்த நடை.

இப்போது எனக்கு முன்னால் இருந்தவை: ஒன்று, மறுபடி நடக்க வைக்க வேண்டும். இரண்டு, மனைவி சொன்னதாக வெளியே வரக்கூடாது. மூன்று, மாலைக் கூட்டம். இரண்டாவதை நான் காப்பாற்றவில்லை. பெல்ட்டை மேசையிலிருந்து எடுத்து வைக்க மறந்துவிட்டேன். தொழுதுவிட்டு உள்ளே வந்ததுமே காதர் பாயின் கண் அதில்தான் விழுந்தது.

"பாய், காலையில நீங்க நின்ன நேரத்த நான் சரியாக் குறிக்கல. இன்னொரு தடவை நடக்கணும்" என்றேன்.

அவர் பெல்ட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஜமீலா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஓகோ" என்றார். எடுத்துக் கட்டிக்கொண்டார்.

கூடத்தில் மாலை விசேஷத்துக்குச் சமையல்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "பாய், பந்திக்கு இன்னும் நேரமிருக்கு. இப்பவே ஏன் ஓடியாரீக?" என்றார். காதர் பாய் நேராகக் கூம்புக்குப் போய் நின்றார். காலையில் பேசிய மனிதர் இல்லை இவர்.

இந்த முறை விரல் கருவியை மாட்டிவிட்டு ஓரடி பின்னால் நானும் கூடவே நடந்தேன். முதல் திருப்பத்தில் கை இடுப்புக்குப் போனது. பெல்ட் தட்டுப்பட்டது. கை கீழே வந்தது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. பாதியை எட்டுவதற்குள் கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. உதடு வெளுத்தது. ஆனால் நடை குறையவில்லை, தோளும் ஏறி இறங்கவில்லை, வாய் திறக்கவில்லை. என் எட்டு வருட வேலையில் மூச்சுத் திணறலை அவ்வளவு ஒழுங்காக மறைத்த ஒருவரைப் பார்த்ததில்லை.

"நில்லுங்க பாய்."

நிற்கவில்லை.

"காக்கா, நில்லுங்கன்னு சொல்லுதுல்ல!"

நின்றார். பெஞ்சில் உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்தோம். பேச முடியாததால் கையை உயர்த்திப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார், ஒன்றுமில்லை என்று. கடலில் மேலே வந்ததும் வள்ளத்துக்குக் காட்டும் சைகையாம். எண் ஏற நேரம் பிடித்தது. ஏறியதும் சொன்னார்.

"மேல வந்து இளைச்சுக்கிட்டு வள்ளத்தப் பிடிச்சுத் தொங்குறவன சம்மாட்டி, வள்ளத்துக்காரரு, அடுத்த வாட்டி ஏத்த மாட்டாருமா. கூட வாரவனுகளும் விட மாட்டானுக. அவன் அடியில மாட்டிக்கிட்டா யாரு போயி எடுக்குறது? அதனால மேல வந்தா மொத சோலி, மூஞ்சிய நல்லா வச்சுக்கிறது. அப்பறந்தான் மூச்சு."

"இது வள்ளம் இல்லையே பாய்."

"நீயும் ஏத்துறதுக்குத்தான பாக்குற? ஏத்தாம விடுறதுக்குத்தான பாக்குற?"

 அது உண்மைதான்.

பிறகு அவர் கேட்டதை நீங்களும் ஒருநாள் கேட்பீர்கள். வேறு வார்த்தைகளில், வேறு யாரிடமிருந்தோ. "காலையில எழுதுனத அனுப்பிருமா. பெறகு நடக்குறத நான் பாத்துக்கிறேன்."

நூருதீன் அதை இன்னும் சத்தமாகக் கேட்டார். லீவு முடிந்தால் ஒருநாள்கூட நீட்டிக்க மாட்டார்கள், போகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் அண்ணன் சிகிச்சையைப் பார்க்க ஆளில்லை, தள்ளிப்போட்டால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். அவர் சொன்ன நான்கும் சரி. கத்துகிறவர் சொல்வது சரியாக இருக்கும்போது விட்டுக்கொடுத்துவிடத் தோன்றும். அந்த நேரத்தில் எதையும் தட்டச்சு செய்யாதீர்கள்.

வாசலோரம் நின்ற ஜமீலாதான் பேசினார். கணவனைப் பார்த்து.

"அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போனபெறகு யாரு முன்னால கைலியக் கட்டி ஏமாத்தப்போறீக? நாங்கூட வெளியதான நிப்பேன்."

 சமையல்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பெல்ட், கைலி, சன்னல், சம்மாட்டி, தம்பியின் லீவு. மேடம் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"காலை முடிவ என்ன செஞ்ச?"

"அழிச்சிட்டு மதியம் எடுத்ததை மட்டும் அனுப்பட்டுமா மேடம்?"

"ஏன் அழிக்கணும்?"

"அது தப்பு மேடம். அவர் உடம்பு அது இல்ல."

"அவர் உடம்பு இல்ல. அவர் குணம் அதுதான். ரெண்டையும் அனுப்பு. ரெண்டுக்கும் நடுவுல உனக்குத் தெரிஞ்சத ஒரு வரியில எழுது. நுரையீரல் இவ்வளவுதான்னு மதிய நடை சொல்லுச்சு. மூச்சு முட்டினாலும் இந்த மனுஷன் சொல்ல மாட்டார்னு காலை நடை சொல்லுச்சு. எங்க வார்டுல எது ஆபத்துன்னு நெனைக்கிற?"

என் எட்டு வருடத்தில் நான் கற்றது இந்த ஒரு போனில்தான் அதிகம். பரிசோதனை கெட்டுப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கெட்டுப்போன விதமே ஒரு முடிவு என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நடைகளையும் அனுப்பினேன். கீழே எழுதினேன்: "மூச்சு இளைப்பைச் சொல்ல மாட்டார். கேட்டால் இல்லை என்பார். கேட்காமல் பார்க்கவும்."

அன்று மாலைக் கூட்டத்தில் முடிவானவை இவை. அந்தப் படுக்கை வேறொருவருக்குப் போகும். காதர் பாய்க்கு முதலில் நுரையீரலுக்கு மருந்து, கூடவே சில வாரம் நடைப்பயிற்சி. பிறகு சிகிச்சை, ஆனால் முன்பு திட்டமிட்டதைவிட வீரியம் குறைந்த மருந்தோடு. நூருதீனின் செல்களை இப்போதே எடுத்து உறைய வைத்துவிட்டால் அவர் லீவு முடிந்து போகலாம். மேடத்துக்கு உறைய வைத்த செல்களில் அவ்வளவு விருப்பம் கிடையாது. அன்று ஒப்புக்கொண்டார். தள்ளிப்போடுவதில் நோய் திரும்பும் ஆபத்தும் இருந்தது. அதைக் குடும்பத்திடம் மறைக்காமல் சொன்னார். எல்லாப் பக்கமும் பத்திரமான முடிவு என்று ஒன்று நம் வேலையில் அநேகமாகக் கிடையாது.

காதர் பாய் போனில் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "ஏத்தாம விட்டுட்டேல்ல." வைத்துவிட்டார்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க மூன்றாவது வாரம் அவர் ஊருக்குப் போனேன். விதி ஒன்றுதான் கொடுத்திருந்தேன்: இளைப்பு நான்கை எட்டினால் நின்று, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, உட்கார வேண்டும். ஜமீலா கூடவே நடந்து கேட்டுக்கொள்ள வேண்டும். தூரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் சாயங்காலம் கடற்கரையில் நடந்தார்கள். அங்கேதான் வள்ளங்களை ஏற்றி வைத்திருப்பார்கள், அவரோடு சங்கு குளிக்கும் ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள். வேறு இடத்தில் நடக்கக்கூடாதா என்று கேட்டேன். "அங்கன உக்காந்தாத்தான் உக்காந்தது" என்றார் ஜமீலா.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நின்றார். கை இடுப்புக்குப் போய் பெல்ட்டைத் தொட்டுத் திரும்பியது. "நாலு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. கவிழ்த்திருந்த ஒரு வள்ளத்தின்மேல் உட்கார்ந்தார்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் போட்டார். "ஏலே காதரு! கரையிலயே மூச்சு முட்டுதா?"

"முட்டுதுல. ஒனக்கென்ன?"

"நாலுங்கிற, அஞ்சுங்கிற. என்னல, ஏலம் எடுக்கிறியா?"

"ஆமா, ஒன் வள்ளத்தத்தான் எடுக்கப்போறேன். வந்து கையெழுத்துப் போடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்ததில் இளைப்பு கூடி இருமினார். அதை மறைக்கவில்லை. நான் அருகில் போகவில்லை. என்னைப் பார்த்து மட்டும் தலையசைத்தார். அன்று அவர் நடந்த தூரம் நினைவில்லை. அவர் உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

சிகிச்சை நடந்தது. தம்பியின் செல்களை ஏற்றினார்கள். ரத்த அணுக்கள் தரைக்கு இறங்கியிருந்த நாட்களில் ஒன்றில், காலையில், பணியிலிருந்த செவிலியை அழைத்திருக்கிறார். அப்போது காய்ச்சல் இல்லை. விரல் கருவியில் எண் சரியாக இருந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் தப்பான சத்தம் எதுவும் இல்லை.

"என்ன பாய், என்ன செய்யுது?"

"நாலு."

"என்ன நாலு?"

"இளைக்குதும்மா. கட்டில்லேருந்து பாத்ரூம் போயிட்டு வந்தேன். நாலு."

வேறு நோயாளியாக இருந்திருந்தால், கருவி சரியாகக் காட்டும்போது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் செவிலி அவர் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த வரியைப் படித்திருந்தார். சொல்ல மாட்டார் என்று எழுதியிருக்கும் ஆள் கூப்பிட்டுச் சொல்கிறார். மேடத்தை அழைத்தார். மேடம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நுரையீரலின் ஒரு மூலையில் பூஞ்சைத் தொற்று தொடங்கியிருந்தது. தொடங்கியதோடு பிடித்துவிட்டார்கள். அதன் பிறகும் எளிதாக இல்லை. வாரக்கணக்கில் மருந்து, நடுவில் இரண்டு மோசமான நாட்கள், ஜமீலா கண்ணாடிக்கு வெளியே. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமலேயே தம்பியின் செல்கள் வேர்பிடித்தன.

நம் பரிசோதனை அவரைக் காப்பாற்றியது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மருந்தைக் குறைத்தது காரணமாக இருக்கலாம். முந்திப் பிடித்தது காரணமாக இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் அவர் தேறியிருக்கலாம். ஒருவரை வைத்து அதைச் சொல்ல முடியாது. நுரையீரலில் சிக்கல் வரலாம் என்று எழுதியிருந்தோம், வந்தது. அதுவரைதான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை அதிகமில்லை. நடையின்போது கூடவே நடக்கிறேன். நின்றால், எதற்காக நின்றாலும், செருப்பு வாராக இருந்தாலும், முந்தானையாக இருந்தாலும், போனாக இருந்தாலும் நிறுத்தம் என்றே குறிக்கிறேன். வீட்டிலிருந்து கூட வந்தவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுகிறேன், பேச ஒன்றுமில்லாவிட்டாலும். முடிவுத்தாளின் கடைசியில் ஒரு வரி எழுத இடம் விடுகிறேன். அந்த இடத்தை நீங்கள் எடுத்துவிட வேண்டாம். பல நாள் அது காலியாகவே இருக்கும், இருக்கட்டும்.

போன வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் என் கடைசி முகாம். காதர் பாய் தொடர் பரிசோதனைக்கு வந்தார். ஜமீலாவும் வந்திருந்தார். கடலுக்கு அவர் இனிப் போக முடியாது. சம்மாட்டியிடமே கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். நன்றாக மெலிந்துவிட்டார், அந்தப் பச்சை பெல்ட் இடுப்பில் நிற்காததால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

கூடத்தில் கூம்பு வைத்தோம். நடந்தார். நான் ஓரடி பின்னால். மூன்றாவது திருப்பத்தில் சட்டென்று நின்றார். கை இடுப்புக்குப் போனது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன பாய், எத்தனை?"

"ரெண்டுகூட இல்ல."

"பாய்."

"அல்லா மேல ஆணையா ரெண்டுதாம்மா. இது நெசமாவே அவுந்துபோச்சு. அங்கிட்டுத் திரும்பு."

பெஞ்சிலிருந்து ஜமீலா சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பியபடியே, நிறுத்தம் என்று எழுதி நேரத்தைக் குறித்தேன்.